ஊர்க் கிண்ணத்தில் தண்ணீர்

கடிகாரக் கம்பெனியில் வேலை பார்ப்பவளிடம் மணி கேட்காதீர்கள். எங்களுக்குத் தெரியாது. உள்ளே நுழையும்போதே கைக்கடிகாரத்தைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட வேண்டும். வளையலும் செல்போனும் அதோடு போய்விடும். அதற்கப்புறம் பகல் முழுக்க எங்கள் முன்னால் தட்டுத் தட்டாகக் கடிகாரங்கள் போகும். எல்லாம் பன்னிரண்டு மணியில் நிற்கும். காலையில் போய் உட்கார்ந்தாலும் பன்னிரண்டு, சாயங்காலம் எழுந்தாலும் பன்னிரண்டு. "ஊருக்கெல்லாம் நேரம் செஞ்சு அனுப்புற, வீட்டுக்கு மட்டும் நேரத்துக்கு வர மாட்டேங்குற" என்று என் வீட்டுக்காரர் சொல்லிக் காட்டுவார். மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை ஒரு நாள் பஸ்ஸில் வந்து பார்த்தால் அவருக்கும் நேரத்தைப் பற்றி வேறு கருத்து வரும்.

எங்கள் கம்பெனிக்கு ஒரே எதிரி தூசு. முள்ளுக்கு அடியில் ஒரு துளி தூசு போனால் கடிகாரம் நின்றுவிடும். அதனால் பவுடர் கூடாது, கண் மை கூடாது, பூ கூடவே கூடாது. வெள்ளைக் கோட்டும் வெள்ளைக் குல்லாவும் மாட்டிக்கொண்டு, வாசலில் காற்று ஊதும் அறையில் கையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். புதிதாகக் கல்யாணமாகி வேலைக்கு வந்த பெண்கள் தலையிலிருக்கும் மல்லிகையை எடுத்து லாக்கரில் வைக்கும்போது முகம் வாடுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். சாயங்காலம் திறந்தால் லாக்கர் மணக்கும், தலையில் குல்லா நாற்றம்தான் மிஞ்சும்.

அந்தக் கம்பெனியில் நான் உட்காருவது முள் டேபிள். சின்ன முள், பெரிய முள், விநாடி முள் என்று மூன்றையும் ட்வீசரால் எடுத்து, டயலின் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். மூன்றும் பன்னிரண்டைப் பார்த்து ஒரே கோடாக நிற்க வேண்டும். ஒன்றை ஒன்று தொடக் கூடாது. கூட்டுக் குடும்பம் மாதிரி என்று புதுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். நான் பொருத்தியது சரியில்லை என்றால் அடுத்த சீட்டில் இருப்பவள் அதைச் சிவப்புத் தட்டில் வைத்து எனக்கே திருப்பி அனுப்ப வேண்டும். என் சிவப்புத் தட்டு எப்போதும் காலியாக இருக்கும். அதில் எனக்கு இருந்த கர்வத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது? லைனில் எல்லோரும் என்னை முள்ளக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சும் அப்படித்தான் இருக்கும் என்பது அவர்கள் உள்ளர்த்தம்.

அடுத்த சீட்டுக்காரி பொழிச்சலூர்க்காரி. என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் என்னைவிடப் பெரிது. நான் அனுப்பும் கடிகாரத்தை லென்ஸில் பார்த்து, முள் சரியாக நிற்கிறதா என்று சோதித்து, தூசு ஊதி, கூட்டுக்குள் வைத்து மூட வேண்டியது அவள் வேலை. எங்களுக்குள் ஏசிக் காற்று யார் மேல் அடிப்பது என்பதில் ஆரம்பித்து, கேன்டீன் சாம்பாரில் உப்பு உண்டா இல்லையா என்பது வரை எல்லாவற்றிலும் தகராறு. அவளுக்குப் பாசஞ்சர் என்று பெயர் வைத்தவளே நான்தான். போன வருஷம் வரைக்கும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவள், திடீரென்று எல்லா ஸ்டேஷனிலும் நிற்க ஆரம்பித்துவிட்டாள். என் சீட்டிலிருந்து தட்டு சர்ரென்று போகும், அவள் சீட்டில் போய்த் தேங்கிவிடும்.

"பாசஞ்சர் கிளம்பிடுச்சா, இல்ல இன்னும் பல்லாவரத்துலயேதான் நிக்குதா?" என்பேன்.

"நீ எக்ஸ்பிரஸ்ஸுக்கா. போயிகினே இரு. பின்னாடி பொட்டி கழண்டு நிக்கிறது கூட உனுக்குத் தெரியாது" என்பாள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சூப்பர்வைசர் சாரும் அவளைக் கூப்பிட்டு இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். "நல்லா பாத்து அனுப்புறேன் சார்" என்று தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். அந்தச் சமயத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனி பெரிய கம்பெனி. பெரிய கம்பெனி என்றால் தொழிலாளியின் நலனில் அக்கறை உண்டு. பஸ் உண்டு, குழந்தைகள் காப்பகம் உண்டு, புகார்ப் பெட்டி உண்டு, கேன்டீனுக்கு ஒரு கமிட்டி, பாதுகாப்புக்கு ஒரு கமிட்டி, இந்தக் கமிட்டிகள் ஒழுங்காகக் கூடுகின்றனவா என்று பார்க்க இன்னொரு கமிட்டி. நாங்கள்தான் லேசில் நம்ப மாட்டோம். கம்பெனி ஒரு நல்ல காரியம் செய்தால், எதற்காக இருக்கும் என்று ஒரு வாரம் யோசிப்போம். நாற்காலிகளை மாற்றி முதுகுக்கு இதமான புது நாற்காலி போட்டார்கள். "இனிமே எழுந்துக்கவே விடமாட்டானுங்க, பாத்துக்க" என்றாள் பாசஞ்சர். புகார்ப் பெட்டியில் யாரும் எதுவும் போடாததால், குறையே இல்லை என்று ஒரு வருஷம் நோட்டீஸ் ஒட்டினார்கள். அதைப் படித்தபிறகுதான் அப்படி ஒரு பெட்டி இருப்பதே பலருக்குத் தெரிந்தது.

கண்ணுக்கும் ஓய்வு உண்டு. கிட்டத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தால் கண் களைத்துவிடும் என்று, அவ்வப்போது ஸ்பீக்கரில் வீணை மாதிரி ஒரு இசை வரும். உடனே எல்லோரும் எழுந்து ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார்க்க வேண்டும். எங்கள் மாடியின் மேற்கு ஜன்னலில், தண்ணீர்த் தொட்டிகளுக்கும் செல்போன் டவர்களுக்கும் அப்பால் திருநீர்மலையும் அதன் உச்சியில் ரங்கநாதர் கோயிலும் தெரியும். கண் ஓய்வு நேரம் என்று கம்பெனி பெயர் வைத்தது. நாங்கள் மலை பாக்குற நேரம் என்போம். இசை வந்ததும் வரிசையாக எழுந்து கன்னத்தில் போட்டுக்கொள்வோம். ஒரு தடவை வெளிநாட்டிலிருந்து ஆய்வுக்கு வந்த ஒருவர், ஒரு லைன் முழுக்க ஜன்னலைப் பார்த்துக் கும்பிடுவதைக் கண்டு என்ன இது என்று கேட்டிருக்கிறார். கண்ணுக்கான பயிற்சி என்று எங்கள் அதிகாரி பதில் சொன்னாராம். பாசஞ்சர் கிறிஸ்தவப் பெண். அவளும் தவறாமல் எழுந்து பார்ப்பாள். "நான் மலைய பாக்குறேன். மேல கீறவர நீ பாத்துக்க" என்பாள்.

எனக்கு வந்த கஷ்டம் அந்த ஜன்னலில்தான் முதலில் பிடிபட்டது. மலைப்படியில் ஏறும் ஆளின் சட்டை என்ன கலர் என்று என்னால் சொல்ல முடியும். திரும்பி வந்து உட்கார்ந்தால், மூக்குக்குக் கீழே இருக்கும் விநாடி முள் இரண்டாகத் தெரியும். முதலில் லைட்டைக் குறை சொன்னேன். அப்புறம் தூக்கம் சரியில்லை என்றேன். வீட்டில் ஊசியில் நூல் கோக்க முடியாமல், ஊசியின் காது சின்னதாகிவிட்டது, இப்போதெல்லாம் எதுவும் தரமில்லை என்று கடைக்காரரைத் திட்டினேன். கடைசியில் ஒரு மருந்துக் கடையில், மாத்திரை அட்டையைக் கை நீளத்துக்கு எட்டிப் பிடித்துத் தேதி பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் சிரித்தார். "நாப்பது தாண்டிடுச்சாம்மா? வெள்ளெழுத்துதான். கண்ணாடி போட்டா சரியாயிடும்."

வெள்ளெழுத்து. எத்தனையோ தடவை கேட்ட சொல்தான். நமக்கு வந்தபிறகுதான் அந்தச் சொல்லின் சாமர்த்தியம் புரிகிறது. எழுத்து கறுப்பாகத்தான் அச்சாகியிருக்கிறது. பார்க்கிறவளுக்குத்தான் வெளுத்துப் போகிறது. வயசாகிவிட்டது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாமல், பழியை எழுத்தின் மேல் போட்டுவிடுகிறது. அந்த நாகரிகம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் கண்ணாடி வாங்கவில்லை.

வாங்காததற்குக் காரணம் பயம். இந்தக் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் பம்மல் பக்கம் ஒரு தையல் யூனிட்டில் இருந்தேன். அங்கே காஜா எடுக்கும் ஒரு அக்கா ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் அவர் மிஷினில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. முள் டேபிளை விட்டால் பேக்கிங்தான். பேக்கிங் ஒன்றும் கேவலமில்லை, சம்பளமும் குறையாது என்றுகூடச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அங்கே நான் முள்ளக்கா இல்லை, அட்டைப்பெட்டி மடிக்கிற ஒரு பொம்பளை. அந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதுதான் நான் யாரோ ஒருத்தி என்று எனக்கே தோன்றும். வீட்டில் அப்படித் தோன்றுவதற்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. அதனால் கண்ணை அதன் போக்கில் விட்டுவிட்டுக் கையை நம்பினேன். இத்தனை வருஷப் பழக்கம், கைக்கே தெரியும். சிவப்புத் தட்டும் காலியாகவேதான் இருந்தது.

அப்போதுதான் நோட்டீஸ் போர்டில் கண் பரிசோதனை முகாம் அறிவிப்பு வந்தது. இந்த வருஷம் தூரத்து எழுத்து மட்டுமில்லை, கிட்டத்து எழுத்தும் தெரிகிறதா என்று பார்ப்பார்களாம். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருந்த நலப் பிரிவு மேடம், காலேஜ் முடித்த கையோடு வந்த சின்னப் பெண், எங்களை மேடம் மாதிரி மிரட்டத் தெரியாமல் அக்கா அக்கா என்று கூப்பிடுபவர், சாப்பாட்டுக்கு அப்புறம் ஏசி ஹாலில் எங்களை உட்காரவைத்துப் படம் போட்டு விளக்கினார். விளக்கை வேறு அணைத்துவிட்டார். சாம்பார் சாதம், இருட்டு, ஏசி. என்ன சொன்னார் என்று கேட்டால், முன் வரிசைக்காரிகள்கூடச் சொல்ல முடியாது.

எல்லோருக்கும் நினைவிருந்தது ஒன்றுதான்: டெஸ்ட். டெஸ்ட் என்றால் பெயில் உண்டு. பெயில் என்றால் பேக்கிங். சாயங்காலத்துக்குள் இது வதந்தியாகி, மறுநாள் காலையில் செய்தியாகிவிட்டது. நம் ஊரில் டெஸ்ட் என்றால் என்ன செய்வோம்? மனப்பாடம் செய்வோம்.

பக்கத்து பிளாக்கில் முகாம் முதலில் நடந்தது. அங்கே இருந்த ஒருத்தி, படிக்கக் கொடுத்த அட்டையை, லாக்கரில் வைக்காமல் ஒளித்துக்கொண்டு போன செல்போனில் அவசரத்தில் படம் எடுத்து அனுப்பிவிட்டாள். படம் ஆடிப்போயிருந்தது. மேலே பெரிய எழுத்து, வரவரச் சின்னதாகி, கடைசியில் எறும்பு ஊர்ந்தாற்போல் இரண்டு வரி. அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டால் பாஸ். சாப்பாட்டு வேளையில் லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கேன்டீனில் எல்லோரும் கூடினோம். நான்தான் போனைப் பிடுங்கினேன். பள்ளிக்கூடத்தில் ஒப்புவித்தல் போட்டியில் பரிசு வாங்கியவள் என்று ஏற்கெனவே பலமுறை சொல்லி வைத்திருந்தேன், யாராலும் மறுக்க முடியவில்லை. விரலால் பெரிதாக்கினால் எழுத்து உடைந்து சிதறியது. கையை நீட்டிப் பிடித்துக் கணீரென்று வாசித்தேன்.

"எங்கள் ஊர்க் கிண்ணத்தில் தண்ணீர் இனிக்கும். காலையில் பெண்கள் குடத்துடன் வருவார்கள்."

எல்லோரும் கோரஸாகச் சொல்லிப் பார்த்தார்கள். பாசஞ்சர் மட்டும் டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஊருக்கு எதுக்குக்கா கிண்ணம்?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"இல்லக்கா, எனுக்குப் புரியல. குடத்த எடுத்துகினு வந்து கிண்ணத்துல இன்னாத்த மொள்ளுவாங்க?"

"இது டெஸ்ட்டுக்குப் போட்டது. அதுல அர்த்தமெல்லாம் பாக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துல பாத்தியா?"

"போன குடுக்கா, நான் ஒரு தபா பாக்குறேன்."

"உனக்குத்தான் கண்ணு நல்லாருக்கே, நீ எதுக்கு மனப்பாடம் பண்ற? சாப்பிடு" என்று போனை உரியவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள்.

முகாம் நாளன்று பயிற்சி அறையில் திரை கட்டியிருந்தார்கள். டாக்டரம்மா உள்ளே, நாங்கள் வெளியே பெஞ்சில். வாய் அசைந்துகொண்டே இருந்தது. கோயில் வரிசையில்கூட இவ்வளவு பக்தி பார்க்க முடியாது. எனக்கு முன்னால் பாசஞ்சர் போனாள். திரைக்கு இந்தப் பக்கம் அவள் குரல் தெளிவாகக் கேட்டது. "எங்கள் ஊர்க் கிண்ணத்தில் தண்ணீர் இனிக்கும்." எனக்குத் தெம்பு வந்துவிட்டது. கண் நன்றாக இருப்பவளே அதைத்தான் படிக்கிறாள், அப்படியானால் நான் சொல்லிக்கொடுத்தது சரி. நான் போய் உட்கார்ந்து, ஏற்ற இறக்கத்தோடு, காலையில் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, உணர்ச்சி பொங்க ஒப்பித்தேன். டாக்டரம்மா அட்டையைத் தன் பக்கம் திருப்பி ஒரு தடவை பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

முடிவு வந்தபோதுதான் தெரிந்தது, அட்டையில் இருந்தது கிணறு. "எங்கள் ஊர்க் கிணற்றில் தண்ணீர் இனிக்கும்."

எங்கள் லைனில் இருந்த அத்தனை பேரும், போன மாதம் சேர்ந்த சின்னப் பெண் உட்பட, கிணற்றைக் கிண்ணம் என்று படித்திருந்தோம். பள்ளிக்கூடமாக இருந்தால் வாத்தியார் ஒரே நொடியில், யாரைப் பார்த்து யார் எழுதினது என்று கேட்டிருப்பார். எங்கள் கம்பெனி பொறுப்புள்ள கம்பெனி. தொழிலாளியைச் சந்தேகப்படாது. ஒரு லைன் முழுக்க ஒரே மாதிரி பார்வைக் கோளாறு என்றால் தப்பு தன் மேல்தான் என்று முடிவு கட்டிவிட்டது.

மறுநாள் வெள்ளைக் குல்லா போட்ட ஆட்கள் கையில் கருவியோடு வந்து, ஒவ்வொரு சீட்டிலும் வெளிச்சத்தை அளந்தார்கள். விளக்கெல்லாம் மாற்றினார்கள். ஏசிக் காற்றைப் பிடித்து ஆராய்ச்சிக்கு அனுப்பினார்கள். மலை பாக்குற நேரத்தை இரட்டிப்பாக்கினார்கள். ரங்கநாதருக்கே கூச்சமாகிவிடும் அளவுக்குப் பார்த்துத் தள்ளினோம். எல்லாவற்றுக்கும் மேல், கேன்டீன் கமிட்டி அவசரமாகக் கூடி, எங்கள் லைனுக்கு மட்டும் தினமும் கேரட் என்று தீர்மானம் போட்டது. கேரட் பொரியல், கேரட் சாதம், கேரட் ஜூஸ். அல்வாவாகவாவது ஒருநாள் போடுவார்கள் என்று எதிர்பார்த்தோம், சர்க்கரை கெடுதல் என்று பாதுகாப்புக் கமிட்டி தடுத்துவிட்டது. "உங்கள் கண்கள் எங்கள் பொறுப்பு" என்று சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸுக்குக் கீழே உட்கார்ந்து, எல்லோரும் என்னைப் பார்த்தபடியே கேரட்டை மென்றார்கள்.

"கிண்ணத்துல போட்டுத் துன்னா இனிக்குமாக்கா?" என்று கேட்டாள் பாசஞ்சர்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் இரண்டு காரியம் நடந்தது. விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். அவர் பாவம், ஏணியும் கையுமாகவே வாழ்கிற மனுஷன். அடுத்து, மேலிடத்திலிருந்து ஒரு யோசனை வந்தது: முள் டேபிளில் ஒரே ஆள் தொடர்ந்து உட்காருவதுதான் கண்ணுக்குக் கேடு. ஆகவே எல்லோரையும் சுற்றில் விட்டு மாற்ற வேண்டும். முதலில் யார் அதிக வருஷம் உட்கார்ந்தார்களோ அவர்களுக்கு ஓய்வு. அதாவது நான். அதாவது பேக்கிங். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதைதான். சீட்டைக் காப்பாற்ற நான் செய்த தந்திரமே சீட்டைப் பிடுங்கி, அதையும் என் நன்மைக்காக என்று சொல்லிப் பிடுங்கப் போகிறது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்றே தெரியவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது.

நலப் பிரிவு மேடத்தின் அறைக்குப் போனேன். அவர் கேரட்டின் சத்துக்களைப் பற்றி ஒரு போஸ்டர் தயார் செய்துகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் பாதி தைரியம் போய்விட்டது.

"மேடம், எலக்ட்ரீஷியன் அண்ணன் மேல தப்பில்ல. காத்து மேலயும் தப்பில்ல. எனக்கு வெள்ளெழுத்து. கிணறு எனக்குக் கிண்ணமா தெரிஞ்சுது. நான் சொல்லிக் குடுத்ததத்தான் எல்லாரும் ஒப்பிச்சாங்க."

அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மொத்த பிளான்ட்டும் மெடிக்கல் எமர்ஜென்சி ரேஞ்சுக்கு ஓடிட்டிருக்கோம்க்கா! ஹெட் ஆபீஸ்ல எனக்கு டெய்லி கால். ஏன்க்கா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா சீட்டு போயிடும்ல மேடம்."

"யாரு சொன்னா? கண்ணாடி வாங்கித் தரத்தான்க்கா கேம்ப்பே! கண்ணு தெரியலன்னு யாரையும் சீட்ட விட்டு எடுக்க மாட்டோம், தேவைப்பட்டா கண்ணாடி, இல்லன்னா சீட்டுலயே லென்ஸ் மாட்டித் தரோம்னு ஸ்லைடு போட்டு, பெருசா, போல்டுல காட்டினேனே!"

"ஸ்லைடெல்லாம் இங்கிலீஷ்ல இருந்துச்சு மேடம். லைட்டையும் ஆஃப் பண்ணிட்டீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. போஸ்டரை ஒதுக்கி வைத்தார். அடுத்த முறை தமிழில், சாப்பாட்டுக்கு முன்னால், விளக்கோடு சொல்கிறேன் என்றார். சொன்னபடியே செய்தார். எலக்ட்ரீஷியன் அண்ணனை அவரே போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். எனக்கு ஒரு வார்த்தைகூடத் திட்டு இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பெரிய கம்பெனியில் அதற்கும் கொடுத்து வைக்கவில்லை.

டாக்டரம்மா திரும்ப வந்தார். இந்த முறை வேறு அட்டை. ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவ்வளவு சுகமாக நான் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை. இன்னும் சிலர் தாங்களாகவே கையைத் தூக்கினார்கள். எல்லோருக்கும் கம்பெனி செலவில் கண்ணாடி வந்தது. எனக்குப் பிடித்த சிவப்பு ஃபிரேமைப் பார்த்து, "கண்டக்டர் மாதிரி கீற" என்றாள் பாசஞ்சர். கேரட் நின்றது, சீட்டைச் சுற்றில் மாற்றும் யோசனையும் நின்றது. முள்ளக்கா என்ற பெயரோடு கிண்ணக்கா என்ற பெயரும் சேர்ந்துகொண்டது, அதை மாற்ற எந்தக் கமிட்டியாலும் முடியவில்லை.

கண்ணாடி போட்டுக்கொண்டு முள் டேபிளில் உட்கார்ந்த முதல் நாள், டயலில் இத்தனை கோடுகளா என்று இருந்தது. விநாடி முள் ஒற்றையாக, மெலிதாக, தலைமுடி மாதிரி நின்றது. என் வேகம் ஒன்றும் கூடவில்லை, பழைய வேகம்தான். ஆனால் பக்கத்து சீட்டில் தட்டு தேங்கவில்லை. நான் அனுப்ப அனுப்பப் போய்க்கொண்டே இருந்தது. மத்தியானம் சூப்பர்வைசர் சார் வந்து நின்று பார்த்தார். "என்னம்மா, கண்ணாடி அவங்களுக்கு, ஸ்பீடு உனக்கா?" என்று பாசஞ்சரைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே அவள் கையைப் பார்த்தேன். என் தட்டிலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்தாள். லென்ஸுக்கு அடியில் வைத்தாள். வலது கை தானாகவே ட்வீசரை எடுத்து, நுனியை விநாடி முள் பக்கம் கொண்டுபோனது. அங்கே நின்றது. முள் நேராகத்தான் இருந்தது. ட்வீசரைக் கீழே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். மறுபடியும் கை ட்வீசரை எடுத்தது, மறுபடியும் கீழே வைத்தது. ட்வீசர் அவள் வேலைக்குத் தேவையே இல்லாத சாமான். என் காலித் தட்டை, அந்தச் சிவப்புத் தட்டை, அப்போதுதான் முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன்.

ஸ்பீக்கரில் வீணை வந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போனோம். அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"எத்தனை நாளா என் முள்ள நிமிர்த்தி வெச்சுட்டு இருக்க?"

"மலைய பாருக்கா. பேசக் கூடாது, கண்ணுக்கு ரெஸ்ட்டு."

"செவப்புத் தட்டுல போட்டிருந்தா உன் வேலை சுலுவா முடிஞ்சிருக்கும்ல. சார்கிட்ட அத்தனை பேச்சு வாங்கினியே."

"போட்டா நீ பேக்கிங்குக்குப் பூடுவ. அப்புறம் நான் யார்கிட்ட சண்ட போடறது?"

"அட்டையிலயும் கிணறுன்னுதான் உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரியாம? கொட்ட கொட்டயா இருந்துச்சு. நான் கிணறுன்னு சொல்லிட்டா, நீ மட்டும் கிண்ணத்தோட தனியா குந்திகினு இருப்பியே." அவள் மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாசஞ்சர் பாசஞ்சர்னு வாய் ஓயாம சொன்னியேக்கா. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் யாருக்கோசரம் நின்னேன்னு நெனச்ச?"

கண்ணாடியைக் கழற்றாமல் மலையைப் பார்த்தேன். மலையும் கோயிலும் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன. கிட்டத்தில் படிப்பதற்கான கண்ணாடியோடு தூரத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.